பரிசு கொடுத்தவங்க கொடுத்தாச்சு... இனி நாம சொல்லலாமே!



ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதுவது. சமையல் குறிப்பு, கோலம், கைவைத்தியம் என்று எல்லாவற்றையும் நமக்குள் பகிர்ந்து கொள்கிறோம். படித்த நாவல்களைப் பற்றி மட்டும் ஏன் பேசிக்கொள்ளக் கூடாது? நாவல்களுக்கு விமர்சனம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்கள். சில சமயம் நாவலை விட அந்த விமர்சனம்தான் தலையைச் சுற்ற வைக்கிறது! பிளஸ் டூவோடு படிப்பை முடித்துக் கொண்டு, 21 வயதில் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிற என்னைப் போன்றவளுக்கும் ஒரு புத்தகம் ஏன் பிடித்தது, ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரியாதா என்ன?

எங்கம்மா வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் பிரித்தெடுத்து, பைண்டு பண்ணி, டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பார். லட்சுமி, சிவசங்கரி, அனுராதா ரமணன் என்று அதைப் படித்துத்தான் நான் வளர்ந்தேன். "அதெல்லாம் பொம்பளைங்க படிக்கிற கதை" என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அந்த லட்சுமிக்குத்தான் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக 1984-இல் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. பொம்பளைங்க படிக்கிற கதைக்கும் பரிசு உண்டு!

இப்போது வருகிற நாவல்கள் வேறு மாதிரி இருக்கின்றன. கடந்த ஒரு வருஷமாக எங்கள் கிளை நூலகத்தில் எடுத்தும், ஆகஸ்ட் மாதம் நடக்கிற ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாங்கியும் ஐந்து நாவல்கள் படித்தேன். மதியம் 2 மணியிலிருந்து பிள்ளைகள் வருகிற 4 மணி வரைக்கும் அது என் நேரம். எல்லாருக்கும் பெயர் பெற்ற எழுத்தாளர்கள்தான் எழுதியிருக்கிறார்கள். அதற்காக எல்லாவற்றையும் ஆகா ஓகோ என்று சொல்லப் போவதில்லை. என்னிடம் இருப்பது ஒரே ஒரு அளவுகோல். புத்தகத்தை மூடி வைத்த பிறகும் அந்தக் கதையில் இருக்கிறவள் என் கூடவே அடுப்படிக்கு வருகிறாளா? அவ்வளவுதான்.

முதலில் எஸ்.ராமகிருஷ்ணன் எழுதிய 'சஞ்சாரம்'. 2018-இல் சாகித்ய அகாடமி விருது பெற்ற நாவல். கரிசல் காட்டு நாதஸ்வரக் கலைஞர்களின் கதை. பக்கிரி, ரத்தினம் என்று இரண்டு பேர் ஒரு கோயில் திருவிழாவில் அவமானப்பட்டு ஊர் ஊராக அலைகிறார்கள். கல்யாண வீட்டில் "கெட்டிமேளம்" என்று கத்துகிறோமே, அந்த நாதஸ்வரக்காரர் சாப்பிட்டாரா, எந்தப் பந்தியில் உட்கார வைத்தார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கவனித்திருப்போம்? இந்த நாவலைப் படித்த பிறகு நாதஸ்வரச் சத்தம் கேட்டால் வாசிக்கிறவர் முகத்தைப் பார்க்கத் தோன்றுகிறது. அந்த வகையில் நல்ல புத்தகம்.

ஆனால் ஒரு குறை. இத்தனை கலைஞர்கள் இத்தனை ஊருக்குக் கச்சேரிக்குப் போகிறார்களே, அவர்கள் வீட்டில் இருக்கிற பெண்களின் கதை எனக்குப் போதவில்லை. புருஷன் மாசக்கணக்கில் ஊர் சுற்றும்போது அரிசிப் பானை எப்படி நிறைந்தது, பள்ளிக்கூடத்துக்குப் பணம் யார் கட்டினது என்று என் மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கிரியும் ரத்தினமும் என் மனசில் நின்றார்கள். ஆனால் அடுப்படிக்கு யாரும் வரவில்லை.

அடுத்தது பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. 2016-இல் வந்தது. ஆட்டுக்குட்டிதான் கதாநாயகி! முதலில் சிரிப்பாக இருந்தது. வயசான ஒரு தம்பதியிடம் ஒரு கறுப்புக் குட்டி வந்து சேர்கிறது. உயிர் பிழைக்குமா என்று சந்தேகப்படுகிற மாதிரி அவ்வளவு சின்னது. அந்தக் கிழவி அதைக் காப்பாற்றுகிற இடங்களைப் படியுங்கள். குறைமாசத்தில் பிறந்த குழந்தையை வளர்த்தவர்களுக்கு அந்தப் பக்கங்களைக் கண்ணீர் இல்லாமல் தாண்ட முடியாது. காதில் அடையாளம் குத்துவதற்காக ஆட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற காட்சி ஒன்று வருகிறது. ரேஷன் கடையிலும் ஆதார் எடுக்கவும் கால் கடுக்க நின்ற நமக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

பூனாச்சிக்கு மனசுக்குப் பிடித்தவன் ஒருவன் இருக்கிறான். அவளை யாரும் கேட்பதில்லை. வருஷத்துக்கு வருஷம் ஈனுகிறாள். குட்டிகள் கைவிட்டுப் போகின்றன. வாயில்லாத ஜீவன் என்று ஆட்டைச் சொல்கிறோம். எனக்கு என் பாட்டி ஞாபகம்தான் வந்தது. 11 பெற்று 6 தங்கியவர். அவரை யார் கேட்டார்கள்? எல்லாத் தோழிகளுக்கும் முதலில் படிக்கச் சொல்வது இந்தப் புத்தகத்தைத்தான். சின்னப் புத்தகம், எளிமையான தமிழ். பின்பாதியில் பஞ்சம் வருகிற பகுதி மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடிவிட்டது போல எனக்குத் தோன்றியது.

மூன்றாவது சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. 2004-இல் வெளிவந்தது, நான் இப்போதுதான் படித்தேன். சல்மா துவரங்குறிச்சிக்காரர். வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவர். வீட்டுக்குத் தெரியாமல் புனைபெயரில் கவிதை எழுதியவர். பிறகு 2001-இல் பேரூராட்சித் தலைவராகி, 2025-இல் மாநிலங்களவைக்கும் போய்விட்டார். இவர் கதையே ஒரு நாவல்தான்!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், படிக்க ஆரம்பித்தபோது திணறிப் போனேன். அத்தனை பேர்! ராபியா, வஹிதா, பிர்தவ்ஸ் என்று யார் யாருக்கு என்ன உறவு என்பதே பிடிபடவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குடும்ப மரம் மாதிரி போட்டு வைத்துக்கொண்டு படித்தேன். ஆசிரியரே முதல் பக்கத்தில் அப்படி ஒன்று போட்டுக் கொடுத்திருக்கலாம்.

ஆனால் நூறு பக்கம் தாண்டிய பிறகு கீழே வைக்க முடியவில்லை. ஆம்பிளைகள் வெளியே போன பிறகு பெண்கள் கூடி உட்கார்ந்து பேசுகிற பேச்சு, கேலி, கிண்டல், அழுகை எல்லாம் அப்படியே இருக்கிறது. நோன்பு மாத இரவுகளில் அவர்கள் வீட்டில் நடப்பதற்கும், மார்கழியில் எங்கள் தெருவில் விடியற்காலை கோலம் போடும்போது நடப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. திருட்டுத்தனமாக சினிமாவுக்குப் போய்விட்டு அடி வாங்குகிற சின்னப் பெண் எந்த மதத்தில்தான் இல்லை? சில இடங்களில் பச்சையாக எழுதியிருக்கிறார். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் நாம் நாலு சுவருக்குள் பேசாததையா அவர் எழுதிவிட்டார்?

இனி சொல்லப் போகிற இரண்டு நாவல்களையும் நான் என் மாமியாரோடு சேர்ந்து படித்தேன். அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன சமயம். டி.வி. பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். "நீ ஏதோ படிக்கறியே, அதை வாய்விட்டுப் படி கண்ணு" என்றார். சரி என்று ஆரம்பித்தேன்.

'பூக்குழி' பெருமாள்முருகன் 2013-இல் எழுதியது. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம் பெற்றது. வேறு ஜாதிப் பெண்ணான சரோஜாவைக் காதலித்துக் கல்யாணம் செய்து ஊருக்குக் கூட்டி வருகிறான் குமரேசன். "எல்லாம் சரியாகிவிடும்" என்று நம்புகிறான். அவன் அம்மா மாராயியோ ஒப்பாரி வைத்தே மருமகளைக் குத்துகிறாள். எங்கள் கொங்குப் பேச்சு அச்சு அசலாக இருப்பதால் அத்தைக்கு ஒரு வார்த்தை கூட விளக்க வேண்டியிருக்கவில்லை. பாதியில் ஒருநாள், "அந்த மாராயி நெசமாலுமே கெட்டவ இல்லை. தாலியறுத்துத் தனியா நின்னு வளர்த்த புள்ளை. ஊர்க்காரன் வாய்க்குப் பயந்துதான் அவ இந்த ஆட்டம் ஆடறா" என்றார். மாமியார் மனசை மாமியார்தான் படிக்க முடியும் போலிருக்கிறது!

இந்த நாவலில் எனக்கு ஒரு சண்டை உண்டு. சரோஜா ஏன் இத்தனை மௌனமாக இருக்கிறாள்? ஒரே ஒருதரமாவது மாராயி முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கக் கூடாதா? "புது இடத்துல, யாரும் துணையில்லாம வந்தவ வாயைத் திறப்பாளா? நீ வந்த புதுசுல திறந்தியா?" என்று அத்தை திருப்பிக் கேட்டார். இதற்கு நான் என்ன பதில் சொல்ல? முடிவை இங்கே சொல்ல மாட்டேன். ராத்திரியில் தனியாக இருக்கும்போது மட்டும் கடைசி அத்தியாயத்தைப் படிக்காதீர்கள்.

ஐந்தாவதுதான் என்னை உலுக்கிப் போட்டது. இமையம் எழுதிய 'செல்லாத பணம்'. 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது பெற்றது. தலைமை ஆசிரியர் நடேசனின் மகள் ரேவதி, என்ஜினீயரிங் படித்தவள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுகிற ரவியைப் பிடிவாதமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். சில வருஷம் கழித்து உடம்பெல்லாம் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். நெருப்பு எப்படிப் பிடித்தது என்பதற்கு ஆளுக்கொரு பதில். நாவலின் பெரும்பகுதி அந்த வார்டு வாசலில்தான். பக்கத்தில் இன்னொரு தாய், இன்னொரு புருஷன், இன்னொரு ஸ்டவ் கதை. பணம் இருக்கிற அப்பா பையில் பணத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் பணத்துக்கு அங்கே வேலை இல்லை. தலைப்புக்கு அதுதான் அர்த்தம்.

முழுக்க முழுக்கப் பேச்சாகவே போகிற நாவல். அழுகையும் புலம்பலும் திரும்பத் திரும்ப வருவது சிலருக்கு அலுப்பாக இருக்கலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே மனுஷர்கள் அப்படித்தான் சொன்னதையே சொல்வார்கள். எனக்கு இருந்த குறை வேறு. ரேவதிக்கு ரவியிடம் என்ன பிடித்தது, அவன் வீட்டில் அவள் ஒருநாளாவது சிரித்தாளா என்பதை அவள் வாயாலேயே கேட்க ஆசைப்பட்டேன். அது போதுமான அளவு கிடைக்கவில்லை. எல்லாரும் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள், அவளோ படுக்கையில் கிடக்கிறாள். அதுதான் ஆசிரியர் சொல்ல வந்தது என்று சிலர் சொல்லலாம். எனக்குப் போதவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் புத்தகம் முடிந்த அன்று அத்தை ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை மோர் சிலுப்பிக்கொண்டே, "அந்தப் புள்ளை நெம்பர் உன்கிட்ட இருக்கா?" என்று கேட்டார். 'அந்தப் புள்ளை' என்றது என் நாத்தனார் மகளை. 3 வருஷம் முன்பு வேறு ஜாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அதிலிருந்து எங்கள் வீட்டில் அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை. நம்பர் என்னிடம் இருந்தது. போட்டுக் கொடுத்தேன். "சாப்பிட்டியா சாமி? உடம்பு நல்லா இருக்குதா? அவன் நல்லா வெச்சிருக்கானா?" என்று மூன்றே கேள்விதான் அத்தை கேட்டார். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் எனக்கே கேட்டது.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நாத்தனார் வீட்டுக்காரர் இன்னமும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார். போன் பேசினது தெரிந்து எங்கள் வீட்டிலும் இரண்டு நாள் சத்தம். ஆனால் வாரம் ஒருதரம் பாட்டியும் பேத்தியும் பேசிக்கொள்கிறார்கள். நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு கஷ்டம் என்றால் கூப்பிட ஒரு நம்பர் இருக்கிறது. ரேவதிக்கு அது சமயத்தில் இருந்திருந்தால்... என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா, "இந்த மாதிரி புத்தகத்தையெல்லாம் பொண்ணு கண்ணுல படற மாதிரி வைக்காதே" என்கிறார். என் மகள் 9-ஆம் வகுப்பு படிக்கிறாள். சல்மாவின் புத்தகத்தை அவள் 18 வயதுக்குப் பிறகு படிக்கட்டும் என்று பீரோவில் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். 'பூனாச்சி'யை இப்போதே கையில் கொடுத்துவிட்டேன். 'செல்லாத பணம்' கல்லூரிக்குப் போகும் முன் கட்டாயம் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. நான் உட்கார்ந்து "காதலிக்காதே" என்று ஆயிரம் புத்தி சொல்வதை விட, அந்த வார்டு வாசலில் அவளை ஒருதரம் கொண்டுபோய் நிறுத்துவது மேல். அவளோடு சேர்ந்து அவள் அப்பாவும் படித்தால் இன்னும் நல்லது. பெண் தப்பு செய்தாள் என்று பேச்சை நிறுத்திவிடுகிற அப்பாக்களுக்கும் அதில் நிறைய இருக்கிறது!

தோழிகளே, விலை அதிகமே என்று யோசிக்க வேண்டாம். கிளை நூலகத்தில் உறுப்பினராகிவிடுங்கள். கேட்டது இல்லாவிட்டால் நூலகரிடம் சொல்லி வையுங்கள். படித்ததை வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பரிசு வாங்கின புத்தகம் பிடிக்கவில்லை என்றால் தைரியமாகப் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு எந்த வயதில் எந்த நாவலைக் கொடுக்கலாம்? பக்கத்து வீட்டு அக்கா சொல்வது சரியா, நான் சொல்வது சரியா? நீங்கள் எழுதுங்கள், நான் காத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, ஈரோடு.