‘ஏலியன்’ யாருடைய கற்பனை?

விண்கலத்தில் உணவு மேசையைச் சுற்றிப் பணியாளர்கள் அமர்ந்திருக்கிறார்கள். சிரிப்பும் பேச்சுமாக உண்டுகொண்டிருக்கையில், அவர்களுள் ஒருவன் திடீரெனத் துடித்து விழுகிறான். அவனது மார்பைப் பிளந்துகொண்டு ஓர் உயிரினம் வெளியே வருகிறது!

1979-ஆம் ஆண்டில் ரிட்லி ஸ்காட் இயக்கத்தில் வெளிவந்த ‘ஏலியன்’ என்ற ஆங்கிலத் திரைப்படத்தின் காட்சி இது. காட்சி நுட்பங்களுக்காக ஆஸ்கார் பரிசும் பெற்ற படம். இப்படி ஒரு கற்பனை முன்பு எவருக்கும் தோன்றியிராது என்றே பார்ப்பவர்கள் எண்ணுவார்கள். அது உண்மைதானா?

முன்னோடிகள்

படத்தின் கதை எளியது. சரக்கு விண்கலம் ஒன்று, அறிகுறி ஒலியைப் பின்தொடர்ந்து அறியாத ஓரிடத்தில் இறங்குகிறது. அங்கே சிதைந்து கிடக்கும் கலத்தில் முட்டைகள் உள்ளன. ஒரு முட்டையிலிருந்து பாய்ந்த உயிரினம் ஒருவனின் முகத்தைப் பற்றிக்கொண்டு, அவன் உடலுக்குள் தன் கருவைச் செலுத்துகிறது. அக்கரு வளர்ந்து வெளிவந்து, மற்றவர்களை ஒவ்வொருவராகக் கொல்கிறது.

1958-இல் வெளியான ஓர் அமெரிக்கப் படத்தில், செவ்வாயிலிருந்து திரும்பும் விண்கலத்தில் ஒரு கொடிய உயிரினம் ஒளிந்து ஏறுகிறது. பயணிகள் விண்வெளி உடை அணிந்துகொண்டு, கலத்தின் காற்றை வெளியேற்றி அதைக் கொல்கிறார்கள். ‘ஏலியன்’ படத்தின் இறுதியிலும் விண்வெளி உடையும், திறந்துவிடப்படும் கதவுமே உயிர் காக்கின்றன. 1965-இல் வந்த ஓர் இத்தாலியப் படத்திலோ, சிதைந்த கலத்தினுள் அயல் உயிரின் மாபெரும் எலும்புக்கூடு காணப்படுகிறது. திரைக்கதை ஆசிரியர் டான் ஓபேனன், பல கதைகளிலிருந்தும் தாம் எடுத்துக்கொண்டதை மறைக்கவில்லை.

எழுத்தாளரின் முறையீடு

இவற்றுக்கும் முன்னரே, 1939-இல், ஏ. ஈ. வான் வோக்ட் என்னும் எழுத்தாளர் ஒரு சிறுகதை எழுதினார். விண்வெளியில் தன்னந்தனியே மிதக்கும் ஓர் உயிரினம் கலத்தினுள் புகுந்து, தன் முட்டைகளை வைக்க மனித உடல்களைத் தேடுகிறது. 1950-இல் இக்கதை, ‘விண்வெளி பீகிளின் பயணம்’ என்னும் பொருள்படும் நூலில் இடம்பெற்றது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ‘ஏலியன்’ வெளிவந்தபோது, தம் கதையே கையாளப்பட்டுள்ளதாக அவர் உரிமை கோரினார். பிணக்கு தீர்ப்பு வரை செல்லாமல் சமரசத்தில் முடிந்தது.

பதிப்புரிமைச் சட்டம் கருத்தைக் காப்பதில்லை. கருத்து வெளிப்பட்ட வடிவத்தையே காக்கிறது. எனினும், சமரசத்துக்கு இடம் இருந்தது என்பதே ஒற்றுமை அற்பமானதன்று என்பதைக் காட்டுகிறது.

குளவியின் கதை

ஆனால் வான் வோக்டும் இக்கருத்தின் முதல் உரிமையாளர் அல்லர். நம் வீட்டுச் சுவரில் மண் கூடு கட்டும் குளவியைப் பாருங்கள். அது புழுவைக் கொட்டுகிறது. புழு சாவதில்லை, அசைவற்றுப் போகிறது. அதைக் கூட்டுக்குள் அடைத்து, முட்டையும் இட்டு, வாயிலை மண்ணால் மூடிவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு அப்புழுவே உணவு. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. இதைக் கண்ட நம் முன்னோர், குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்குகிறது என நம்பினர்.

இக்னியூமன் என்னும் குளவிக் குடும்பத்தில் பல இனங்கள் இதற்கும் ஒருபடி மேலே செல்கின்றன. அவை உயிருள்ள புழுவின் உடலுக்குள்ளேயே முட்டையிடுகின்றன. குஞ்சு முதலில் கொழுப்பைத் தின்று, உயிர் காக்கும் உறுப்புகளைக் கடைசிவரை விட்டுவைக்கிறது. உணவு கெடாமல் இருக்க வேண்டுமல்லவா! இரக்கமுள்ள ஒரு படைப்பாளன் இக்குளவியைப் படைத்திருப்பான் என்று தம்மால் நம்ப இயலவில்லை என்று 1860-இல் சார்லஸ் டார்வின் ஒரு கடிதத்தில் எழுதினார். டார்வின் உலகைச் சுற்றிவந்த கப்பலின் பெயர் பீகிள். வான் வோக்ட் தம் விண்கலத்துக்குச் சூட்டிய பெயரும் அதுவே!

படம் இடறிய இடம்

ஒன்றை மட்டும் படம் இயற்கையிடமிருந்து கற்கவில்லை. புழுவின் உடல், அந்நிய முட்டையை உறையிட்டு அழிக்க முயல்கிறது. அதை முறியடிக்கச் சில குளவிகள் முட்டையுடன் வைரஸ்களையும் செலுத்துகின்றன. நெடுங்காலப் பரிணாமத்தில் கிடைத்த திறமை இது. மனிதனை அதற்குமுன் கண்டிராத ஓர் உயிர், அவன் உடலில் அவ்வளவு எளிதாக வளர்வது ஐயத்துக்குரியது. தக்க உணவின்றிச் சில மணி நேரத்தில் அது ஆளுயரத்துக்கு மேல் வளர்வதும் அப்படியே. உடலாவதற்கான பொருள் எங்கிருந்து வந்தது?

எது புதிது?

அப்படியானால் இப்படத்தில் சொந்தச் சரக்கு எதுவும் இல்லையா? உண்டு. முட்டை, முகம் பற்றும் பருவம், மார்பு பிளக்கும் பருவம், முழு வளர்ச்சி எனப் பூச்சியின் உருமாற்றம் போன்ற முழு வாழ்க்கைச் சுழற்சியை அது அமைத்தது. சுவிட்சர்லாந்து ஓவியர் கீகர், எலும்பும் எந்திரமும் கலந்தாற்போன்ற உருவத்தை அதற்குத் தந்தார். விண்கலத்தில் சென்றவர்களோ வீரர்கள் அல்லர். ஊதியப் பங்குக்காக வாதாடும் தொழிலாளர்கள். எந்தப் பாத்திரத்தையும் ஆணோ பெண்ணோ ஏற்கலாம் என்று திரைக்கதை இடமளித்தது. எனவே இறுதியில் தப்பிப் பிழைப்பவள் ரிப்ளி என்னும் பெண்.

கருத்து பழையது, கோத்த விதம் புதியது. அறிவியலிலும் பெரும்பாலும் இவ்வாறே நிகழ்கிறது. ஆனால் முன்னோருக்கு உரிய பெயரை வழங்கிவிடுவது நேர்மை. அந்தப் பெயர்ப் பட்டியலில் குளவிக்கும் ஓர் இடம் உண்டு. அடுத்த முறை சுவரில் மண் கூட்டைக் கண்டால் உடனே தட்டிவிடாதீர்கள்; சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள்!