வெயிலுக்கு வந்த விலை

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தை வியந்து எழுதாத சரித்திராசிரியர் இல்லை. ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதன்மீது கண் வைத்தனர். ஆங்கிலேயர் சீனன்குடாக் காட்டிடையே எண்ணெய்த் தாங்கிகளை வரிசை வரிசையாய் எழுப்பினர். 1942 ஏப்ரல் 9-இல் வந்த ஜப்பானிய விமானங்கள் அவற்றையும் விட்டுவைக்கவில்லை. இன்று எண்ணெயின் மவுசு குறைந்து வெயிலின் மவுசு ஏறியிருக்கிறது. எரிபொருள் மாறினால் துறைமுகத்தைச் சூழ்ந்து வாழும் உழவனின் கதியும் மாறுமா?

கொட்டியாரக் குடாவின் கரையிலே சம்பூர் என்றோர் ஊர். வயலும் கடலும் பத்திரகாளி அம்பாள் கோயிலும் அதன் செல்வங்கள். 2006-இல் யுத்தம் மூண்டபோது ஊரார் அனைவரும் மட்டக்களப்புக்கு ஓடினர். பின்னர் கிளிவெட்டி முதலிய இடங்களில் முகாம்வாசிகளாயினர். அவர்கள் இல்லாத ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் அமைக்கத் தேர்ந்த இடமும் அதுவே. ஆளில்லாத ஊரில் யாரைக் கேட்பது? நிலத்தின் பெரும்பகுதி 2015 முதலே மக்களிடம் மீண்டது. 2016-இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. கொட்டியார மீனவர் பெருமூச்சு விட்டனர்.

நிலக்கரிக்கென ஒதுக்கிய நிலத்துக்கே பின்னர் சூரியன் வந்தான். 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்தின் பணிகள் 2025 ஏப்ரல் 5-ஆம் நாள் தொடக்கிவைக்கப்பட்டன. சாம்பல் இல்லை, புகை இல்லை, கடலைச் சூடாக்கும் கழிவுநீர் இல்லை. இதை வரவேற்காதவன் மூடன். ஆயினும் ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் நிலம் வேண்டும். கட்டி முடித்தபின் தகடு கழுவவும் காவல் காக்கவும் சிலரே போதும். மின்சாரமோ கம்பி வழியே நாடெங்கும் செல்லும். அதிகம் செலவாவது மேல் மாகாணத்தில். மின்கட்டணம் கொழும்பிலும் மூதூரிலும் ஒன்றே. அஃதாவது நன்மை பொது, நில இழப்பு மட்டும் உள்ளூருக்கு.

இதைவிட விசித்திரம் ஒன்றுண்டு. 2016-இல் தொடங்கிய திட்டத்தின்படி கொழும்பில் மாடிக் கூரைமேல் தகடு பதித்தவர், தம் கூரையில் விழும் வெயிலுக்குப் பணம் பெறலாம். வயலில் விழும் வெயிலுக்கு உழவன் யாது பெறுவான்? 2025-இல் முத்துநகர் விவசாயிகள் மாவட்டச் செயலகத்தின் முன் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தது இக்கேள்வியை ஒட்டியே. அவர்கள் நெல் விளைத்த பூமி துறைமுக அதிகார சபையின் பேரில் ஒதுக்கப்பட்டது. சபையோ அதைச் சூரிய மின் கம்பனிகளுக்குக் கொடுத்தது.

கர்நாடகத்துப் பாவகடாவில் வேறு வழி கண்டனர். ஏறத்தாழ 13,000 ஏக்கரை விலைக்கு வாங்காமல் உழவரிடமே குத்தகைக்கு எடுத்தனர். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று தொடங்கி, இரண்டு ஆண்டுக்கொரு முறை ஐந்து வீதம் உயர்த்துவதாக ஏற்பாடு. வறண்ட மண்ணில் கடலை போட்டுக் கைசுட்டவருக்கு அது பெருவரவு. நிலமில்லாக் கூலிகளோ அங்கே வேலையிழந்தனர். அதையும் மறைத்தல் கூடாது.

சம்பூரில் உறுதி உள்ளவர்க்கேனும் அத்தகைய குத்தகையைக் கொடுத்திருக்கலாம். முத்துநகரில் அதுவும் எளிதன்று. குத்தகைப் பத்திரத்தில் கையொப்பமிட நிலம் முதலில் உழுதவன் பேரில் இருக்க வேண்டுமே!