கோப்பை இடம் மாற்றினால் என்ன ஆகும்?

சில ஆண்டுகள் வளர்ந்த எந்த ரெப்போவிலும் கோப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடக்கும். புதுக் கோப்புறைகள் போட்டு அடுக்கலாம் என்று ஒருவர் கிளம்பினால், பழைய வரலாறு தொலைந்துவிடுமோ என்று மற்றவர்கள் பயப்படுவார்கள். தொலையாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளான கிட், கோப்பின் பெயரையோ இருப்பிடத்தையோ பார்த்து அதற்கு அடையாளம் தருவதில்லை. உள்ளடக்கத்தைக் கணக்கிட்டே தருகிறது. பெயர்கள் வேறொரு பட்டியலில் இருக்கும். கோப்பை நகர்த்தினால் பழைய இடத்தில் ஒன்று காணோம், புதிய இடத்தில் ஒன்று வந்திருக்கிறது என்பது மட்டுமே பதிவாகும். பின்னால் வரலாற்றைக் கேட்கும்போதுதான் இரண்டையும் ஒப்பிட்டு, பாதியாவது ஒத்திருந்தால் பெயர் மாறியது என்று ஊகிக்கும். நகர்த்திய கையோடு நிறையத் திருத்தியும் வைத்தால் ஊகம் தவறும். ஆகவே நகர்த்தல் ஒரு கமிட், திருத்தம் இன்னொரு கமிட்.

2008 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.6.24 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதுவரை இன்டெல் வகைச் செயலிகளின் 32 பிட் நிரலும் 64 பிட் நிரலும் தனித்தனிக் கோப்புறைகளில் இருந்தன. தாமஸ் க்ளைக்ஸ்னரும் இங்கோ மோல்நாரும் இரண்டையும் ஒரே கோப்புறைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே பெயருள்ள கோப்புகள் மோதாமலிருக்கப் பெயரின் முடிவில் 32, 64 என்று சேர்த்தார்கள். அவற்றை ஒன்றாக்கும் வேலை பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது.

சர்வரின் அமைவுக் கோப்புகள் இவ்வளவு சாதுவல்ல. என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் தன் அமைவைத் தொடங்கும்போது படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். அந்தக் கோப்பை நீங்கள் நகர்த்தினாலும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு உறைக்காது. எப்போதோ ஒருநாள் மறுதொடக்கம் செய்யும்போதுதான் வெடிக்கும், அநேகமாக நகர்த்தியவர் விடுப்பில் இருக்கும்போது!

அமைவைச் சரிபார்க்கும் சோதனைக் கட்டளை (nginx -t) இருக்கிறதே என்று நிம்மதியடைய முடியாது. அமைவு ஒரு கோப்பைப் பெயர் சொல்லி அழைத்து, அது இல்லாவிட்டால் சோதனை பிழை காட்டும். ‘இந்தக் கோப்புறையில் உள்ள எல்லாம்’ என்று நட்சத்திரக் குறியால் அழைத்திருந்தால் கதை வேறு: கோப்புறை காலியானாலும் எல்லாம் சரி என்றே சொல்லும், தளம் மட்டும் காணாமல் போயிருக்கும். அதே கட்டளையில் சிறிய ‘டி’-க்குப் பதில் பெரிய ‘டி’ போட்டால், என்ஜின்எக்ஸ் படித்த முழு அமைவையும் அச்சிட்டுக் காட்டும். நகர்த்துவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று எடுத்து ஒப்பிடுங்கள். கோப்புகளின் பாதைகள் மாறியிருக்கலாம். வேறெதுவும் மாறியிருந்தால் மறுதொடக்கத்தைத் தள்ளிவையுங்கள்.