சராசரி சொல்லாதது

ஈ.கோலை பாக்டீரியாவில் லாக்டோஸை உள்ளே இழுப்பது பெர்மியேஸ் என்ற புரதம். ரெப்ரஸர் என்ற இன்னொரு புரதம் டி.என்.ஏ.வில் உட்கார்ந்து பெர்மியேஸ் ஜீனை அணைத்து வைத்திருக்கும். சர்க்கரை உள்ளே வந்தால் ரெப்ரஸர் விலகும், பெர்மியேஸ் கூடும், இன்னும் சர்க்கரை வரும். நேர்ப் பின்னூட்டம்.

1957-ல் நோவிக்கும் வீனரும் லாக்டோஸுக்குப் பதில், செல்லால் செரிக்க முடியாத டி.எம்.ஜி.யைக் குறைவாகக் கொடுத்தார்கள். மொத்தக் கூட்டத்தை அளந்தால் நொதி மெதுவாக ஏறியது. செல் செல்லாகப் பார்த்தால் சில முழுசா ஆன், மற்றவை ஆஃப். (சர்வர்களின் சராசரி லோடு 50% என்று நம்பித் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் பாதி மெஷின் செத்துக் கிடக்கிறது, மீதி மூச்சுத் திணறுகிறது.)

ஜீன் ஒன்று, ஊட்டமும் ஒன்று. அப்போ எந்தச் செல் முதலில் ஆன் ஆகும்? அது தற்செயல். எப்போதாவது ரெப்ரஸர் முழுசாகக் கழன்றுவிடும். திரும்ப ஒட்டுவதற்குள் பெர்மியேஸ் கொத்தாகத் தயாராகிவிடும். 2008-ல் சன்னி ஷீயின் குழு இதை ஒற்றைச் செல்களில் அளந்தது: சுவிட்ச் விழ சுமார் 375 பெர்மியேஸ் மூலக்கூறுகள் வேண்டும். ஒன்றிரண்டு கசிவதெல்லாம் பத்தாது.

ஆன் ஆன செல்லின் சந்ததியும், அதே குறைந்த டி.எம்.ஜி.யில், பல தலைமுறைக்கு ஆன்தான். டி.என்.ஏ.வில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.