ஏழு கப்பும் எத்தனை கிராம்?

ஏழு கப் கேக்கின் கணக்கு பல வீடுகளில் மனப்பாடம். கடலை மாவு, தேங்காய்த் துருவல், பால், நெய் எல்லாம் ஒவ்வொரு கப். சர்க்கரை மட்டும் மூன்று. எந்தக் கப்பை எடுத்தாலும் ஏழுக்கும் அதே கப்தான் என்பது ஒன்றே விதி. டம்ளரில் அளந்தாலும் ஆழாக்கில் அளந்தாலும் விகிதம் மாறாது. தராசு இல்லாத அடுப்படிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது.

அதையே கிராமில் எழுத உட்கார்ந்தால் கணக்கு வேறு முகம் காட்டும். 240 மில்லி பிடிக்கும் கப்பில் சலித்த கடலை மாவை அழுத்தாமல் நிரப்பினால் சுமார் 90 கிராம். தேங்காய்த் துருவல் 80 கிராம்தான். உருக்கிய நெய் 215-ஐ ஒட்டி வரும், பால் 247. சர்க்கரை கப்புக்கு 200 வீதம் 600. தேங்காயைப் போல மூன்று பங்கு கனக்கிறது பால், கப் என்னவோ ஒன்றுதான். ஆகவே ‘ஒரு கப் என்றால் இத்தனை கிராம்’ என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் எண்ணைத் தேடுவது வீண். பொருளுக்குப் பொருள் கணக்கு தனி.

இதற்கெல்லாம் காரணம் காற்று. சர்க்கரைப் படிகம் தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. ஆனால் கப் நிறையச் சர்க்கரை, அதே கப் நிறையத் தண்ணீரைவிட எடை குறைவு. படிகங்களுக்கு நடுவே கிட்டத்தட்டப் பாதி இடம் வெறும் இடைவெளி. அந்தச் சர்க்கரையையே பொடித்து அளந்தால் கப்புக்கு 120 கிராம்தான் நிற்கும். நுண்ணிய தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இன்னும் அதிகக் காற்றைப் பிடித்துக்கொள்கின்றன.

மாவில் இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போகும். மைதாவைக் கரண்டியால் மெல்ல இட்டுத் தலை தட்டினால் 120 முதல் 125 கிராம். டப்பாவுக்குள் கப்பை விட்டு அள்ளினால் 140, 150 வரை ஏறிவிடும். குறிப்பு அப்படியே இருக்க, கேக் மட்டும் வறண்டு போவதற்கு இந்த 25 கிராம் போதும். அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர் 1896-இல் வெளியிட்ட பாஸ்டன் சமையல் பள்ளி நூலில், கப்பையும் கரண்டியையும் தலை தட்டித்தான் அளக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். படியும் மரக்காலும் புழங்கிய நமக்கும் பழகிய முறைதான். தலை தட்டுவது மேலே இருக்கும் மேட்டைச் சரியாக்கும். உள்ளே மாவு எவ்வளவு நெருங்கிக் கிடக்கிறது என்பதை அது தொடுவதில்லை. அதனால் மாவையும் சர்க்கரையையும் நிறுத்துவிடுவதே நல்லது என்பேன்.

கப்பிலும் பல ரகம். அமெரிக்கக் கப் ஏறக்குறைய 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180. உங்கள் கப் எது என்று அறிய எளிய வழி உண்டு. காலிக் கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். காட்டும் கிராமே அதன் மில்லி. பிறகு ஈரம் துடைத்து, வீட்டில் புழங்கும் மாவு, சர்க்கரை, ரவை ஒவ்வொன்றையும் அதில் நிரப்பி நிறுத்து எழுதி வைத்தால், எந்த அட்டவணையையும்விட அது உங்கள் அடுப்படிக்குப் பொருந்தும்.

வெல்லத்தை எப்போதும் நிறுத்தே போட வேண்டும். உடைத்த கட்டிகள் கப்பில் எப்படி விழும் என்று சொல்லவே முடியாது. அதிரசத்தில் மட்டும் தராசையும் பார்த்து நம்ப வேண்டும். ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் இருக்கும்போதே இடித்த மாவில் தண்ணீரின் எடையும் சேர்ந்திருக்கிறது. உலர்த்திய நேரத்துக்கு ஏற்ப அது கூடும், குறையும். ஊறப்போடும் முன் அரிசியை நிறுத்து, அந்த எடைக்கு வெல்லத்தைக் கணக்கிட்டால் பாகும் மாவும் பிசகாமல் சேரும்.

ஏலக்காய்த் தூளுக்கும் சமையல் சோடாவுக்கும் கரண்டியே போதும். ஒவ்வொரு கிராமாக நகரும் வீட்டுத் தராசு, கால் தேக்கரண்டி சோடாவை ஒன்று என்றும் காட்டும், இரண்டு என்றும் காட்டும்.