மனம் குழம்பியவரின் வாசலுக்கு யார் வருவது? ரொறன்ரோ மாநகர சபை தேடிய விடை

2020 ஜூன் மாதம் கனடாவின் மிஸிசாகா நகரில், பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட 62 வயது முஸ்லிம் ஒருவர் தனது வீட்டுக்குள்ளேயே பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் குற்றவாளி அல்லர், நீண்டகால மனநோயாளி. மருந்து எடுக்காமல் இருக்கிறார், உதவி தேவை என்றுதான் குடும்பத்தார் தொலைபேசியில் கேட்டிருந்தனர். வந்தது பொலிஸ். அவரிடம் கத்தி இருந்தது. கதவைத் திறக்க மறுத்தார். பொலிஸார் பல்கனி வழியாக ஏறி உள்ளே நுழைந்தனர். “நாங்கள் பேசிப் பார்க்கிறோம்” என்று உறவினர்கள் கேட்டும் அனுமதி கிடைக்கவில்லை எனக் குடும்பத்தார் பின்னர் கூறினர்.

அதற்கு ஒரு மாதம் முன்னர், அருகிலுள்ள ரொறன்ரோவில் பொலிஸார் வீட்டில் இருக்கையிலேயே இளம் பெண்ணொருவர் 24ஆவது மாடி பல்கனியிலிருந்து விழுந்து இறந்திருந்தார். மனம் குழம்பிய நிலையில் இருப்பவரிடம் ஆயுதம் தரித்தவரை அனுப்புவது சரிதானா என்று மக்கள் வீதிக்கு இறங்கிக் கேட்டார்கள்.

ரொறன்ரோ மாநகர சபை இதற்கு ஒரு பரீட்சார்த்தத் திட்டத்தால் பதில் சொல்ல முயன்றது. 2022 மார்ச்சில் இரண்டு பகுதிகளிலும், அதே ஆண்டு ஜூலையில் மேலும் இரண்டு பகுதிகளிலும் அது ஆரம்பமானது. பொலிஸாருக்குப் பதிலாக, நெருக்கடிகளைக் கையாளப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வாகனத்தில் வருவார்கள். சீருடை இல்லை, துப்பாக்கி இல்லை. 16 வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் இரவு பகலாக இலவச சேவை. தேவைப்பட்டால் சாப்பாடும் உடுப்பும் கொடுப்பார்கள். சில நாட்கள் கழித்து எப்படி இருக்கிறீர்கள் என்று திரும்பவும் விசாரிப்பார்கள்.

இந்தச் சேவையை சபை தானே நடத்தவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தந்தப் பகுதி மக்கள் ஏற்கனவே நம்பிய நிறுவனங்களிடம் அதை ஒப்படைத்தது. தமிழர்கள் செறிந்து வாழும் ஸ்காபரோவில், கறுப்பின மக்களுக்காக உருவான தைபு என்ற சுகாதார நிலையம் பொறுப்பெடுத்தது. இன்னொரு பகுதியில் பூர்வகுடி மக்களின் அமைப்பொன்று பொறுப்பெடுத்தது. பொலிஸுக்குப் பயந்து தொலைபேசியையே தொடாதவர்கள் இவர்களை அழைப்பார்கள் என்பதுதான் கணக்கு. அழைப்பதற்கு 211 என்ற இலக்கம் இருக்கிறது. பதற்றத்தில் 911ஐ அழைத்தாலும் பரவாயில்லை, பொருத்தமான அழைப்புகளை அங்கிருந்தே இந்தக் குழுவுக்கு மாற்றிவிடுவார்கள்.

ஒரு வருடம் கழிந்ததும் சபை மீளாய்வு செய்தது. எத்தனை பேரைச் சந்தித்தார்கள் என்பது மட்டுமல்ல, 911இலிருந்து மாற்றப்பட்ட அழைப்புகளில் எத்தனை பொலிஸ் இல்லாமலே முடிந்தன என்பதும் பார்க்கப்பட்டது. 78 சதவீதம் முடிந்திருந்தன. 2023 நவம்பரில் நகரம் முழுவதற்கும் விரிவாக்க சபை முடிவெடுத்தது. 2024இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆயுதமோ வன்முறையோ உள்ள இடத்துக்கு இன்னமும் பொலிஸ்தான் போகிறது. முதலில் சொன்ன மிஸிசாகா வீட்டுக்கு இந்தக் குழு தனியாகப் போயிருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் மருந்தை நிறுத்திய முதல் வாரத்திலேயே தயங்காமல் அழைக்க ஓர் இலக்கம் இருந்திருந்தால், விடயம் கத்தி வரைக்கும் போயிருக்குமா?

மீளாய்வில் நல்ல பெயர் வாங்கினால் போதாது, பணமும் ஒதுக்க வேண்டும். அமெரிக்காவின் யூஜீன் நகரில் 1989இல் ஆரம்பித்து உலகுக்கே முன்மாதிரியாக இருந்த இத்தகைய சேவை, நிதி நெருக்கடியால் 2025 ஏப்ரலில் அந்நகரில் நின்றுபோனது.

இனி எமது பக்கம். சில வருடங்களுக்கு முன் எமது அயலில் ஒரு பையனுக்கு இரவில் மனம் குழம்பியது. முதலில் ஓதிப் பார்த்தார்கள். ஜின் என்றார் ஒருவர். மூன்றாம் நாள் அவன் கண்ணாடிகளை உடைக்கத் தொடங்க, வாப்பா 119ஐ அழைத்தார். ஜீப் வந்தது, தெருவே கூடியது. பையன் வைத்தியசாலையில் சுகமாகி வந்துவிட்டான். ஆனால் “பொலிஸ் பிடித்துப் போன பையன்” என்ற பெயர் மட்டும் போகவில்லை. அவனது தங்கைக்கு வந்த சம்பந்தமும் அதனாலேயே தட்டிப்போனது. ஓதிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. மூன்று நாள் வேறு எவரையும் அழைக்காமல் இருந்ததைத்தான் சொல்கிறேன்.

அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தை எந்த நேரத்திலும் அழைக்கலாம். இது பலருக்குத் தெரியாது. ஆனால் தொலைபேசியில் பேசுபவர் வாசலுக்கு வரமாட்டார். ஜனாஸா வாகனத்தைத் தாமே வாங்கிப் பராமரிக்கும் பள்ளிவாசல் நிருவாகங்கள் எம்மிடையே நிறைய இருக்கின்றன. ஊருக்கு இரண்டு பேரை, ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும், அருகிலுள்ள வைத்தியசாலையின் மனநலப் பிரிவோடு பேசிப் பயிற்றுவித்து, அவர்களது இலக்கத்தைப் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் போடுவதற்கு மாநகர சபை கூடத் தேவையில்லை. அடுத்த நிருவாகக் கூட்டத்தில் யாராவது ஒருவர் இதை எடுத்துப் பேசினால் போதும்.