ஏஐஎக்ஸ் சேவையகத்தில் வட்டு மாற்றமும் சாதனப் பெயரும்

ஐபிஎம் நிறுவனத்தின் யுனிக்ஸ் வகை இயங்குதளமான ஏஐஎக்ஸில் வன்வட்டுகள் எச்டிஸ்க்0, எச்டிஸ்க்1, எச்டிஸ்க்2 என்று பெயர் பெறுகின்றன. பழுதான வட்டைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினால் பழைய பெயரே தானாக அதற்கு வந்துவிடும் என்று பலர் எண்ணுவதுண்டு. அது எப்போதும் நடப்பதில்லை. பெயர் மாறியதைக் கவனிக்காமல் பழைய குறிப்பைப் பார்த்துக் கட்டளை இட்டால், நன்றாக இயங்கும் வேறொரு வட்டின் தரவு அழியக்கூடும்.

சன் நிறுவனம் உருவாக்கிய சோலாரிஸில் ஸ்கசி வட்டின் பெயரிலேயே கட்டுப்படுத்தி எண்ணும் இலக்கு எண்ணும் அடங்கியிருக்கும். அதே இடத்தில் பொருத்திய வட்டுக்கு அதே பெயர் அமையும். ஏஐஎக்ஸின் பெயரில் இடம் பற்றிய குறிப்பு இல்லை. வட்டு கண்டறியப்பட்ட வரிசையில் எண் தரப்பட்டு, ஓடிஎம் எனும் சாதனத் தரவுத்தளத்தில் பதிவாகிறது. வட்டைக் கையால் கழற்றினால் அந்தப் பதிவு நீங்காது. பள்ளியை விட்டுச் சென்ற மாணவனின் பெயரை வருகைப் பதிவேட்டில் அடிக்காமல் விட்டால், புதிதாகச் சேர்பவனுக்கு அடுத்த எண்தானே கிடைக்கும்? இங்கும் அப்படித்தான். இன்றைய சாஸ், ஃபைபர் சேனல் வட்டுகள் ஒவ்வொன்றும் தனி அடையாள எண் கொண்டவை என்பதால் இது அடிக்கடி நேர்கிறது.

ஆகவே பதிவை முறைப்படி நீக்கிய பிறகே வட்டைத் தொட வேண்டும். இரட்டைப் பிரதியாக உள்ள ரூட்விஜி தொகுதிக் குழுவில் எச்டிஸ்க்1 பழுதானதாகக் கொள்வோம். முதலில் எல்எஸ்சிஎஃப்ஜி கட்டளையால் அதன் வரிசை எண்ணையும் இருப்பிடக் குறியீட்டையும் எழுதிக்கொள்ள வேண்டும். (சோம்பலால் விடப்படுவது பெரும்பாலும் இந்தப் படிதான்.) பின்னர் அன்மிரர்விஜி, ரெடியூஸ்விஜி கட்டளைகளால் வட்டைக் குழுவிலிருந்து விலக்கி, ஆர்எம்டெவ் கட்டளையை டி, எல் தெரிவுகளுடன் இட வேண்டும். டி இல்லாமல் இட்டால் பதிவு 'டிஃபைன்டு' நிலையில் தங்கிப் பெயரைப் பிடித்துக்கொள்ளும். வட்டு இன்னும் பயன்பாட்டில் இருந்தால் ஆர்எம்டெவ் மறுத்துவிடும். அந்த மறுப்பு ஒரு நல்ல எச்சரிக்கை. புதிய வட்டைப் பொருத்தி சிஎஃப்ஜிஎம்ஜிஆர் கட்டளையை இட்டதும், காலியான எச்டிஸ்க்1 அதற்குக் கிடைக்கும். அதன்பின் எக்ஸ்டெண்ட்விஜி, மிரர்விஜி, பாஸ்பூட், பூட்லிஸ்ட் ஆகியவை வரிசையாக வரும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சிஎஃப்ஜிஎம்ஜிஆர் காலியாக உள்ள எண்களில் மிகச்சிறியதையே தரும். முன்னொரு காலத்தில் எச்டிஸ்க்3 நீக்கப்பட்டு இடைவெளி விழுந்திருந்தால், எச்டிஸ்க்7க்கு மாற்றாக வந்த வட்டும் எச்டிஸ்க்3 ஆகிவிடும். 2010இல் வெளிவந்த 7.1 பதிப்பில் இதற்கு ரென்டெவ் கட்டளை உள்ளது. அது விரும்பிய பெயரைச் சூட்டும். ஆனால் குழுவில் சேர்த்துப் பயன்படுத்தத் தொடங்கும் முன்பே அதைச் செய்துவிட வேண்டும்.

தொகுதிக் குழு தன் உறுப்பு வட்டுகளை எச்டிஸ்க் பெயரால் அறிவதில்லை. வட்டின் மீதே எழுதப்பட்ட பிவிஐடி எண்ணால் அறிகிறது. எனவே பெயர் மாறினாலும் கோப்பு முறைமைகளுக்குக் கேடில்லை. பெயரை நேரடியாக எழுதிவைத்த கட்டளை நிரல்கள், தொடக்க வட்டுப் பட்டியல், ஆரக்கிள் ஏஎஸ்எம் போல மூல வட்டைப் பயன்படுத்தும் தரவுத்தளங்கள் ஆகியவையே தடுமாறும். மூல வட்டுக் கோப்பின் உரிமை புதிய வட்டில் ரூட் பயனருக்கே திரும்பியிருக்கும் என்பதால், பெயரைச் சரிசெய்த பின்பும் அந்த உரிமையைத் தரவுத்தளப் பயனருக்கு மீண்டும் வழங்க வேண்டும்.